சக்கரம் மாறிய கார்



உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பொம்மைக் காரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1960-களின் முற்பகுதியில், லண்டனின் ஹாக்னி பகுதியில் லெஸ்னி நிறுவனம் வார்த்தெடுத்த மேட்ச்பாக்ஸ் வண்டி. முன்பக்கம் சாம்பல் நிறச் சக்கரங்கள், பின்பக்கம் கறுப்புச் சக்கரங்கள். அதை வைத்து விளையாடிய குழந்தைக்கு இது கண்ணில் பட்டிருக்காது. பட்டிருந்தாலும் கார் ஓடியது, அது போதும். கடைக்காரர் கவனித்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார். இன்றோ, நான்கு சக்கரமும் ஒரே நிறத்தில் உள்ள வண்டியைவிட இதற்கு அதிக விலை கொடுக்க ஆள் இருக்கிறது. இந்த விருப்பத்துக்கு அறிவு சார்ந்த ஆதாரம் ஏதும் உண்டா, அல்லது இது வெறும் கிறுக்கா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி. அரிதாகக் கிடைப்பதால் மதிப்பு என்று வழக்கமாகச் சொல்வார்கள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. சரியாக வந்த பொம்மை தான் செய்யப்பட்ட விதத்தை மறைத்துக்கொள்கிறது. தவறாக வந்த பொம்மை அதைச் சொல்லிவிடுகிறது. ஆகவே தொழிற்சாலைப் பிழையுள்ள வண்டி ஓர் ஆவணம். ஆவணத்தைப் பாதுகாப்பது போலவே அதைச் சேர்க்க வேண்டும், படிக்க வேண்டும், பாதுகாக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இந்த எண்ணம் தமிழ் படித்தவர்களுக்குப் புதிதல்ல. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் எதை வைத்து ஒரு சுவடிக்கும் இன்னொன்றுக்கும் உள்ள உறவைக் கண்டார்கள்? இரண்டு ஏடுகளும் சரியாக எழுதியிருக்கும் இடங்கள் அதற்கு அதிகம் உதவாது. இரண்டும் ஒரே இடத்தில் ஒரே மாதிரித் தவறியிருந்தால்தான், இரண்டும் ஒரே மூல ஏட்டிலிருந்து பெயர்த்து எழுதப்பட்டவை என்று ஊகிக்க முடியும். கல்வெட்டில் விடுபட்ட எழுத்தை வரிக்கு மேலே சிறிதாகச் செதுக்கிச் சேர்த்திருப்பதைப் பார்க்கும்போதுதான், உளி பிடித்த ஒருவன் அங்கே நின்றிருந்தான் என்பது நமக்கு உறைக்கிறது. பொம்மைக் காருக்கும் கல்வெட்டுக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். ஆனால் பிழையிலிருந்து செய்முறையை நோக்கிப் பின்னோக்கிச் செல்லும் அந்த வழி இரண்டுக்கும் பொதுவானது.

பிழையைப் படிக்க வேண்டுமானால் முதலில் செய்முறை தெரிய வேண்டும். வண்டியின் உருவத்தைப் பெரிய அளவில் மரத்தில் செதுக்கி, அதைத் தடவிச் செல்லும் கருவியின் மூலம் சிறிய அளவுக்குக் குறைத்து, எஃகில் வார்ப்பச்சு வெட்டுவார்கள். இரண்டு பாதியாக உள்ள அந்த அச்சுக்குள் உருகிய துத்தநாகக் கலவையை அழுத்தத்தோடு செலுத்துவார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி ஜிங்க் நிறுவனம் 1920-களின் இறுதியில் உருவாக்கிய கலவை இது. ஏறத்தாழ 4 விழுக்காடு அலுமினியம், சிறிதளவு மெக்னீசியம், தேவைக்கேற்பச் செம்பு, மற்றதெல்லாம் துத்தநாகம். ஸமாக் என்றும், பிரிட்டனில் மஸாக் என்றும் பெயர். சுமார் 400 டிகிரி வெப்பத்திலேயே உருகி ஓடும், நுணுக்கமான கோடுகளையும் பிடித்துக்கொள்ளும், அச்சையும் சீக்கிரம் கெடுக்காது. வெளியே வந்த வார்ப்பின் விளிம்பில் பிசிறு இருக்கும். அதைப் பீப்பாயில் போட்டு உருட்டி உதிர்ப்பார்கள். பிறகு கழுவி, பெயின்ட் தெளித்து, அடுப்பில் காயவைப்பார்கள். முகப்பு விளக்குக்கு வெள்ளி நிறப் பொட்டு வைப்பது தனி வேலை. அதன் பிறகு உடலைக் கவிழ்த்துப் பிடித்து, கண்ணாடி, இருக்கை, ஆக்சில், சக்கரம் எல்லாம் உள்ளே சேர்ந்தபின் அடித்தட்டை மூடுவார்கள். உடலோடு சேர்ந்தே வார்க்கப்பட்ட சிறு தண்டுகள் அடித்தட்டின் துளை வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; அவற்றின் முனையை எந்திரத்தால் நசுக்கிப் பரப்பி ரிவெட் ஆக்கிவிடுவார்கள். அந்த ஒரு நசுக்கலோடு வண்டி மூடப்பட்டுவிடுகிறது. அதை உடைக்காமல் உள்ளே இருப்பதை யாரும் மாற்ற முடியாது. இந்தச் சிறு உண்மை என் வாதத்துக்குத் தூண் போன்றது. பின்னால் அதற்குத் திரும்பி வருவேன்.

இப்போது பிழைகளைப் பாருங்கள். கண்ணாடி இல்லாமல் ரிவெட் தட்டப்பட்ட ஒரு கார், கண்ணாடி அடித்தட்டுக்கு முன்பே வைக்கப்பட வேண்டிய பாகம் என்பதையும், அந்தக் கட்டத்துக்கும் மூடும் கட்டத்துக்கும் நடுவில் சோதனை எதுவும் இல்லை என்பதையும் ஒருசேரச் சொல்கிறது. படம் அச்சிடும் பிழைகள் இன்னும் வளமானவை. ஹாட் வீல்ஸ் 1974-இல் டாம்போ முறைக்கு வந்தது. செதுக்கிய தகட்டில் உள்ள மையை மெத்தென்ற சிலிக்கோன் திண்டு எடுத்து, வளைந்த பரப்பின் மேல் அழுத்திவிட்டுப் போகும். ஒரு நிறத்துக்கு ஓர் அழுத்தம். மூன்று நிறத் தீச்சுடர் வரைய மூன்று தடவை திண்டு இறங்க வேண்டும். அதில் ஒன்று தவறினால் சுடரின் விளிம்புக் கோடு மட்டும் நிற்கும், உள்ளே நிறம் இருக்காது. அல்லது நிறம் இருக்கும், கோடு இருக்காது. இரண்டு நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக அமராமல் நகர்ந்திருந்தால், எது முதலில் விழுந்தது, எது அதன் மேல் விழுந்தது என்பது உருப்பெருக்கிக் கண்ணாடியில் தெரியும். சரியாக அச்சிடப்பட்ட கார்களில் இந்த வரிசை கண்ணுக்கு எட்டாது. பிழைக் கார் ஒன்று போதும்.

தொடக்கத்தில் சொன்ன சக்கரம் மாறிய வண்டியும் இப்படித்தான். மேட்ச்பாக்ஸ் வண்டிகளுக்கு முதலில் உலோகச் சக்கரம் இருந்தது, பிறகு சாம்பல் நிறப் பிளாஸ்டிக் வந்தது, அதன் பிறகு கறுப்பு. விலைப்பட்டியல்களைப் பார்த்தால், ஏதோ ஒரு நாள் காலையில் எல்லாமே மாறிவிட்டது போலத் தோன்றும். இரண்டு நிறமும் கலந்த வண்டி அது உண்மையல்ல என்று காட்டுகிறது. பழைய சரக்கு தீரும்வரை இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கின்றன. அவற்றைப் பொருத்தியவரின் கை ஒரு தடவை இந்தப் பெட்டிக்கும் மறுதடவை அந்தப் பெட்டிக்கும் போயிருக்கிறது. 1968-இல் மேட்டல் நிறுவனம் ஹாட் வீல்ஸை இறக்கி, வேகமாக உருளும் சக்கரத்தால் சந்தையைப் பிடித்தபோது, லெஸ்னி 1969-இல் மெல்லிய ஆக்சிலோடு சூப்பர்ஃபாஸ்ட் வரிசைக்கு அவசரமாக மாறியது. அந்த மாறுதல் காலத்து வண்டிகளில் பழைய நிறமும் புதிய சக்கரமும் சேர்ந்து வந்தவை உண்டு. ஒரு பெரிய நிறுவனம் போட்டிக்கு அஞ்சி எவ்வளவு விரைந்தது என்பதற்கு இவற்றைவிட நேரடியான சாட்சியை நான் அறியேன். கையில் இருந்த உடல்களைத் தூக்கி எறியக்கூட நேரம் பார்க்காமல் வேலை நடந்திருக்கிறது.

பிழை என்று எதைச் சொல்வது என்ற கேள்வியை இங்கே தள்ளிப்போட முடியாது. கண்ணாடி இல்லாத கார் பிழை என்றேன். ஆனால் லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் மெக்கானோ நிறுவனம் செய்த தொடக்க கால டிங்கி கார்களில் கண்ணாடியே கிடையாது. சன்னல் வெறும் திறப்புதான். 1956-இல் மெட்டாய் நிறுவனம் கார்கி வண்டிகளைக் கொண்டுவந்தபோது, சன்னல் வைத்த கார்கள் என்பதையே விளம்பரமாக்கியது. ஆக, கண்ணாடி இல்லாத டிங்கி ஒழுங்கான சரக்கு, கண்ணாடி இல்லாத கார்கி பிழைச் சரக்கு. இரண்டு கார்களிலும் இருப்பது ஒரே வெற்றிடம். பிழை என்பது பொருளில் மட்டும் குடியிருப்பதில்லை. செய்ய நினைத்ததற்கும் செய்து முடித்ததற்கும் இடையே உள்ள விலகல் அது. சில ஆண்டுகளாக மேட்டல் நிறுவனம் பெயின்ட் பூசாத வண்டிகளை ஸமாக் என்ற பெயரிலேயே வேண்டுமென்று விற்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய கார் அப்படி வந்திருந்தால் பிழை, இது திட்டம். எனவே சேகரிப்பவர் தன் கையில் உள்ள பொருளைப் பற்றி அறிந்தால் போதாது; அந்தத் தொழிற்சாலை அந்த ஆண்டில் என்ன செய்ய எண்ணியது என்பதையும் அறிய வேண்டும்.

அப்படி அறிந்தால் பிழைக் கூடையிலிருந்து வெளியேற்ற வேண்டியவை சில உண்டு. 1969-இல் ஹாட் வீல்ஸ் உருவாக்கிய ஃபோக்ஸ்வேகன் பீச் பாம் வண்டியின் முதல் வடிவத்தில், அலைச்சறுக்குப் பலகைகள் பின்பக்கக் கண்ணாடி வழியாக நீட்டிக்கொண்டிருந்தன. வண்டி ஒடுக்கமாக இருந்ததால், கார்களை உந்தித் தள்ளும் கருவிக்குள் அது சரிவரப் போகவில்லை. வடிவமைப்பாளர்கள் உடலை அகலப்படுத்தி, பலகைகளை இருபக்கமும் செருகும்படி மாற்றினார்கள். பழைய வடிவத்தில் எஞ்சிய மிகச் சில வண்டிகள் இன்று உலகின் விலை உயர்ந்த பொம்மைக் கார்களுள் சேர்ந்தவை. ஆனால் அவை முன்மாதிரிகள். உற்பத்தியின் விலகல் அல்ல. அதேபோல, தொழிலாளர்களே ஓய்வு நேரத்தில் வேறு நிறத்தில் பூசி, வேறு பாகத்தை மாட்டிச் செய்து வீட்டுக்கு எடுத்துப் போனவை உண்டு. மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றைச் சாப்பாட்டுப் பெட்டிச் சரக்கு என்று பொருள்படும் பெயரால் அழைப்பார்கள். தொழிற்சாலைக்குள், தொழிற்சாலைப் பாகங்களால், தொழிற்சாலைத் தொழிலாளியின் கையால் செய்யப்பட்டவை. இருந்தும் அவை பிழை ஆகமாட்டா, ஏனென்றால் செய்தவர் அதைச் செய்யவே நினைத்தார். எனக்கு அவற்றின் மேல் மதிப்பு உண்டு. ஒரே வண்டியை நாள் முழுவதும் செய்த ஒருவர், ஒரே ஒருமுறை தன் விருப்பத்துக்குச் செய்து பார்த்திருக்கிறார். அதை வேறு பெயரில், வேறு அலமாரியில் வைப்போம் என்கிறேன், அவ்வளவே.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு பணத்தைப் பற்றியது. ஆவணம், சாட்சி என்றெல்லாம் பேசினாலும் உண்மையில் இவர்கள் தேடுவது அரிதான பொருளையும் அதன் விலையையும்தானே என்று கேட்கலாம். பலரைப் பொறுத்தவரை இது உண்மை. ஆனால் அரிது என்பதே ஆசையின் முழுக் காரணமாக இருந்தால், 1995-இலிருந்து ஹாட் வீல்ஸ் குறைந்த எண்ணிக்கையில் வேண்டுமென்றே வெளியிடும் புதையல் வேட்டை வண்டிகள் அந்த ஆசையை முழுமையாகத் தீர்த்திருக்க வேண்டும். அவையும் அரிது, அவற்றுக்கும் விலை உண்டு, போலி பற்றிய கவலையும் ஒப்பீட்டளவில் குறைவு. இருந்தும் பிழைக் கார்களைத் தேடுவோர் தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். நிறுவனம் திட்டமிட்டு உருவாக்கிய அரிது, நிறுவனம் சொல்ல விரும்பியதை மட்டுமே சொல்லும். பிழை, நிறுவனம் சொல்ல விரும்பாததைச் சொல்லும். மேலும், எல்லாப் பிழைக்கும் விலை ஏறுவதில்லை என்பதையும் கவனியுங்கள். ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் வண்டிகள் வரும் இன்றைய உற்பத்தியில் ஒரு கோடு விடுபட்ட கார் ஓரளவு எளிதாகவே கிடைக்கும், அதற்குப் பெரிய விலையும் இல்லை. அதிலிருந்து கற்பதற்கு அதனால் குறைவொன்றும் வந்துவிடாது. விலையைத் துரத்துபவருக்கும் பிழையைப் படிப்பவருக்கும் அந்த இடத்தில் வழி பிரிகிறது.

பிழையைப் படிப்பதற்குத் தபால்தலைச் சேகரிப்பில் முன்னோடி உண்டு. 1854-இல் கல்கத்தாவில் அச்சிட்ட நான்கு அணாத் தபால்தலையில், சிவப்புச் சட்டத்துக்குள் விக்டோரியாவின் நீலத் தலை தலைகீழாக விழுந்த பிரதிகள் சில உள்ளன. உலகத்தின் முதல் இருநிறத் தபால்தலைகளுள் ஒன்று அது. 1918-இல் அமெரிக்காவின் 24 சென்ட் தலையில் ஜென்னி விமானம் கவிழ்ந்து அச்சானது. 100 தலைகள் கொண்ட ஒரே ஒரு தாள் மட்டும் மக்கள் கைக்கு வந்தது. இரண்டு நிறத்துக்கும் தாளைத் தனித்தனியாக இரண்டு தடவை அச்சில் செலுத்தினார்கள் என்பதை இந்தத் தலைகீழ்ப் படங்கள் விளக்கமே இல்லாமல் காட்டிவிடுகின்றன. ஆனால் தபால்தலையோடு நம் பொருளை ஒப்பிட ஓர் எல்லை உண்டு. தபால்தலை ஒரே தாள். அதைப் பிரித்து மறுபடி கோக்க முடியாது. கார் பல பாகங்களால் ஆனது. பாகங்களால் ஆனதை யாரும் பிரிக்கலாம், மாற்றிக் கோக்கலாம். இரண்டாவது மறுப்பு இங்கிருந்துதான் எழுகிறது, இதுவே எல்லாவற்றிலும் வலுவானது.

பிழையை வீட்டு மேசையில் உருவாக்க முடியுமென்றால், அது எதற்குச் சாட்சி? சக்கரத்தை மாற்றலாம். அச்சிட்ட கோட்டைக் கரைப்பான் கொண்டு அழிக்கலாம். பெயின்டை முழுவதும் உரித்துவிட்டுப் பூச மறந்த கார் என்று விற்கலாம். பழைய ஹாட் வீல்ஸ் வண்டிகளில் மெருகேற்றிய உலோகத்தின் மேல் ஒளி ஊடுருவும் நிறத்தைப் பூசியிருப்பார்கள். வெயிலாலும் வேதிப்பொருளாலும் அந்த நிறம் வேறொன்றாக மாறும், மாறியதைப் புதிய நிறவகை என்று பெயர் சூட்டவும் ஆள் உண்டு. பிழைச் சந்தையில் ஏமாற்று நிறைய என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை வீழ்த்தவில்லை, அதை இன்னும் கூர்மையாக்குகிறது. பிழை ஓர் ஆவணம் என்றால், எல்லா ஆவணங்களையும் போல அதையும் சோதிக்க வேண்டும். சோதிக்கும் கருவியும் செய்முறை அறிவுதான்.

மேட்ச்பாக்ஸ் 13-ஆம் எண் டாட்ஜ் இழுவை வண்டியை எடுத்துக்கொள்வோம். 1965-இல் வந்தது, பி.பி. எண்ணெய் நிறுவனத்தின் நிறங்களில். வழக்கமான வண்டியில் ஓட்டுநர் அறை மஞ்சள், பின் உடல் பச்சை. நிறம் இடம் மாறி, பச்சை அறையும் மஞ்சள் உடலுமாக வந்த மிகச் சில வண்டிகள் உண்டு. சேகரிப்பாளர் உலகில் இதைவிடப் பேசப்பட்ட மேட்ச்பாக்ஸ் குறைவு. போலியும் அதற்கேற்ப உண்டு. மெய்யான வண்டி நமக்கு என்ன சொல்கிறது? அறையும் உடலும் தனித்தனி வார்ப்புகள், சேர்ப்பதற்கு முன்பே தனித்தனியாகப் பெயின்ட் அடிக்கப்பட்டவை என்று. போலி செய்பவருக்கு இந்த வரிசையே தடையாக நிற்கிறது. மஞ்சள் அறையைப் பச்சையாக்க அவர் ரிவெட்டைத் துளைத்துப் பிரிக்க வேண்டும், அல்லது பிரிக்காமலே மேலே பூச வேண்டும். பிரித்தால் ரிவெட்டின் தலை மறுபடி பழையபடி பரவாது. துளைத்த தடமும் பசையும் திருகும் காட்டிக்கொடுக்கும். பிரிக்காமல் பூசினால் பெயின்ட் பாகங்கள் சேரும் விளிம்போடு நின்றுவிடும், அல்லது ரிவெட்டின் தலைமேலேயே படிந்துவிடும். தொழிற்சாலையில் பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் ரிவெட் தட்டினார்கள். நசுங்கிய முனையில் உலோகம் வெறுமையாகத் தெரிவதுதான் இயல்பு. ஆக்சிலுக்கும் இதே கதைதான். ஆரம்ப கால மேட்ச்பாக்ஸில் ஆக்சில் முனை நசுக்கி விடப்பட்டிருக்கும், பின்னர் உருண்டைத் தலையாக மாறியது. சக்கரம் மாற்றியவர் அந்தத் தலையை வெட்டியாக வேண்டும், வெட்டியதை எந்திரம் செய்தது போல மறுபடி செய்வது கடினம். கடினம் என்றேன், முடியாது என்று சொல்லவில்லை. மிகத் திறமையான போலி நம்மை ஏமாற்றலாம். ஆனால் செப்பேடுகளில் போலி உண்டு என்பதற்காக யாரும் செப்பேட்டை ஆராய்வதை விட்டுவிடவில்லை. கரைப்பானால் அழித்த கோடும், முன்பே அச்சாகாத கோடும் சில நேரம் பிரித்தறிய முடியாதவைதான். அப்படிப்பட்ட வண்டிக்கு, திறக்கப்படாத உறையோ வேறு வலுவான சான்றோ இல்லாதவரை, பிழை என்ற பெயரைத் தரக் கூடாது என்பது என் கருத்து. ஐயத்தின் பலன் வண்டிக்குச் சேர வேண்டியதில்லை.

மூன்றாவதாக ஒரு மறுப்பு. செய்ய நினைத்ததிலிருந்து விலகுவது பிழை என்கிறீர்கள்; நினைப்பே நடுவில் மாறினால் என்ன சொல்வீர்கள்? நல்ல கேள்வி. லெஸ்னி நிறுவனத்தை 1947-இல் தொடங்கியவர்கள் லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இருவர். பெயர் ஒன்றானாலும் உறவினர் அல்லர். அச்சு வெட்டுவதில் வல்லவரான ஜாக் ஓடெல் அவர்களோடு சேர்ந்தார். அரச முடிசூட்டு வண்டி ஒன்றைப் பெரிய அளவில் வார்க்கத் திட்டமிட்டு அச்சு வெட்டினார்கள். கொரியப் போரை ஒட்டித் துத்தநாகத்துக்கு வந்த கட்டுப்பாட்டால் அது கிடப்பில் போனது. அச்சில் அரசரும் அரசியும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருந்தார்கள். 1952 பிப்ரவரியில் ஆறாம் ஜார்ஜ் இறந்தார்; முடிசூடப் போவது எலிசபெத். அச்சைத் திருத்தி அரசர் உருவத்தை நீக்கினார்கள். ஆனால் இடுப்புக்கு மேலே மட்டும்தான் நீக்கினார்கள். அரசர் இல்லாத வண்டிக்குள் அவருடைய கால்கள் தங்கிவிட்டன. இருவரும் உள்ள முதல் வார்ப்புகள் மிகக் குறைவு. கால்கள் மட்டும் உள்ளவை அதிகம். அந்தக் கால்கள் பிழையா? வார்ப்பச்சைத் திருத்தியவர் தெரிந்தே விட்டார், ஆகவே என் வரையறைப்படி பிழை ஆகாது. இருந்தும் ஒரு பிழை சொல்லக்கூடிய அனைத்தையும் அவை சொல்கின்றன: எஃகு அச்சில் ஏற்கெனவே வெட்டியதை மாற்றுவது எவ்வளவு செலவு, எவ்வளவு தூரம் மாற்றினால் போதும் என்று கணக்குப் போட்டார்கள், நாட்டின் துக்கம் ஒரு பொம்மைப் பட்டறைக்குள் எந்த வடிவில் வந்து சேர்ந்தது என்பவற்றை. என் வரையறையின் ஓரம் இங்கே மங்குகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஓரம் மங்கலாக இருப்பதால் நடுப்பகுதி இல்லாமல் போய்விடாது. இதே கூடையில் சேர வேண்டிய இன்னொன்று நம் நாட்டுத் தொடர்புடையது. 1960-களின் பிற்பகுதியில் டிங்கியின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து, நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் வண்டிகள் வார்க்கப்பட்டன. அடித்தட்டில் டிங்கி என்ற எழுத்துகளைச் சிதைத்து நிக்கி ஆக்கினார்கள். சிலவற்றில் பழைய பெயர் அப்படியே இருந்துவிட்டது. லிவர்பூலிலிருந்து வங்காளத்துக்கு ஓர் அச்சு வந்த பயணம் அந்த அரைகுறை எழுத்துகளில்தான் பதிவாகியிருக்கிறது.

எல்லாப் பிழையும் பாதுகாக்கத் தக்கதா என்றால், ஒன்று மட்டும் பாதுகாக்க விடாது. துத்தநாகக் கலவைக்கு மிகத் தூய உலோகம் வேண்டும். இன்றைய தர அளவுகள் ஈயத்தை 0.005 விழுக்காட்டுக்குள் நிறுத்துகின்றன. போருக்கு முந்தைய காலத்தில் உலைக்குள் ஈயம் கலந்துவிட்டால், வண்டி அன்று பார்க்க நன்றாகவே இருக்கும். ஆண்டுகள் போகப் போக, ஈரப்பதத்தில், உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையே உள்ள எல்லைகளில் அரிப்பு ஊடுருவும். உலோகம் வீங்கும், வெடிக்கும், தொட்டால் பொடியாகும். 1930-களின் டிங்கி வண்டிகள் பல இப்படிப் போய்விட்டன. இதற்கு மருந்தில்லை, உலர்ந்த, வெப்பநிலை அதிகம் மாறாத இடத்தில் வைத்துத் தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான். இதுவும் தொழிற்சாலைக்குள் பிறந்த பிழைதான், மற்றப் பிழைகளைப் போலவே இதுவும் செய்தி சொல்கிறது: அந்த வாரம் அந்த உலையில் என்ன போட்டார்கள் என்று. சேகரிப்பவர்கள் இதைச் சேதம் என்று ஒதுக்குவது எனக்கு வருத்தம் தருகிறது. நொறுங்கும் வண்டியைக் குப்பையில் போடுமுன் அதன் அடித்தட்டையும் விரிசல் ஓடும் திசையையும் படம் எடுத்து வைப்பதற்கு என்ன செலவாகிவிடும்? எந்த வார்ப்புகள், எந்த மாற்றக் கட்டத்தைச் சேர்ந்தவை, எவ்வளவு நொறுங்கின என்று தொகுத்துப் பார்த்தால், கெட்ட உலோகம் எந்தக் காலப் பகுதியில் உள்ளே வந்தது என்று நெருங்க முடியும். அந்த வேலைக்கு நல்ல நிலையில் உள்ள வண்டி மட்டும் போதாது.

கடைசியாக ஒரு மறுப்பு. இது அறத்தைப் பற்றியது. கவனக்குறைவைக் கொண்டாடுவது சரியா? நம் ஊர்ப் பட்டறைகளில் ரிஜெக்ட் என்று ஒதுக்கும் சரக்கைத் தூக்கி வைத்து ஆடுவது, ஒழுங்காக வேலை செய்த ஆயிரம் பேரை அவமதிப்பது ஆகாதா? எண்ணிக்கையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். 1953-இல் லெஸ்னி வெளியிட்ட சிறிய முடிசூட்டு வண்டியே பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1960-களில் அந்த நிறுவனம் வாரத்துக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளைச் செய்துகொண்டிருந்தது. சேர்க்கும் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் கிழக்கு லண்டனின் பெண்கள். கண்ணாடி, இருக்கை, ஆக்சில், அடித்தட்டு என்று நாள் முழுவதும் அவர்கள் விரல்கள் ஓடின. அவ்வளவு வண்டிகளில் பிழை இவ்வளவு அரிதாக இருப்பதே அவர்களுடைய திறமைக்குச் சான்று. சரியான வண்டியைக் கையில் எடுத்தால் நிறுவனத்தின் பெயர் தெரியும், வடிவமைத்தவரைப் பற்றிப் பேசலாம், அசல் காரின் பெயர் தெரியும். அதைச் சேர்த்த பெண் எங்கும் தெரியமாட்டார். இரண்டு நிறச் சக்கரம் உள்ள வண்டியில் மட்டும், அவர் கை நீண்ட ஒரு நொடி நின்றுபோயிருக்கிறது. இதை அவமதிப்பு என்று என்னால் நினைக்க முடியவில்லை. அவர்களைப் பற்றி அந்த வண்டிகள் வைத்திருக்கும் குறிப்பு இது ஒன்றுதான்.

அந்தத் தொழிற்சாலைகள் இப்போது இல்லை. பின்ஸ் ரோடு 1979-இல் மூடப்பட்டது. லெஸ்னி 1982-இல் திவாலானது. கார்கியைச் செய்த மெட்டாய் அடுத்த ஆண்டே நொடித்தது. எத்தனை வண்டி தவறாக வந்தது, ஏன் வந்தது என்பதைச் சேகரிப்பாளர்கள் எடுத்துப் பார்க்கக்கூடிய பேரேடு எதையும் அந்தத் தொழிற்சாலைகள் நமக்கு விட்டுப் போகவில்லை. மிஞ்சியது சேகரிப்பாளர்களின் அலமாரியும் அவர்கள் எழுதி வைத்தால் உண்டாகும் பட்டியலும்தான். ஆகவே பிழை வண்டி வைத்திருப்பவர்களிடம் என் வேண்டுகோள் மூன்று. சரிசெய்யாதீர்கள், பொருந்தாத சக்கரத்தை மாற்றிப் பொருத்துவதும், விடுபட்ட கண்ணாடியை வேறொரு வண்டியிலிருந்து எடுத்து வைப்பதும் ஒரு பக்கத்தைக் கிழிப்பதற்குச் சமம். எங்கிருந்து, எப்போது, எந்த நிலையில் வந்தது என்று எழுதி, வண்டியோடு சேர்த்து வையுங்கள். விற்கும்போதும் அந்தத் தாள் கூடவே போகட்டும். படம் எடுக்கும்போது மேலே மட்டும் எடுத்து விட்டுவிடாதீர்கள். வண்டியைக் கவிழ்த்து வைத்து, இரண்டு ரிவெட்டும் நான்கு ஆக்சில் முனையும் அடித்தட்டின் எழுத்தும் தெளிவாகத் தெரியும்படி, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள்.